ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு எங்கே உருவாகிறது?

உலக சுகாதார நிறுவனம் 2015இல் 12 நாடுகளில் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. நம் உடம்பு மருந்துக்குப் பழகிப்போவதால்தான் ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு வருகிறது என்று நம்பியவர்கள் அதில் 76 சதவீதம். நாலு பேரில் மூன்று பேர். அடிக்கடி மாத்திரை போட்டால் அப்புறம் உடம்பு கேட்காது என்ற பேச்சு நன்றாகப் படித்தவர்களிடமும் புழங்குகிறது.

ஆன்டிபயாட்டிக்குக்கு உடம்பு பழகுவதில்லை. மாறுவது பாக்டீரியா. சின்னத் திருத்தம்தானே என்று தோன்றலாம், ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு போனால் எல்லாக் கணக்கும் மாறிவிடும். உடம்புதான் பழகுகிறது என்றால் மருந்தையே தொடாதவருக்குக் கவலை இல்லை. உண்மையிலோ, பிறந்து சில நாளே ஆன, ஒரு சொட்டு ஆன்டிபயாட்டிக்கூட உள்ளே போகாத குழந்தைக்கும் முக்கிய மருந்துகள் எதற்கும் அடங்காத கிருமி தொற்றக்கூடும். தொற்றிக்கொண்டும் இருக்கிறது. எதிர்ப்புத் திறனுள்ள பாக்டீரியாக்களால் நேரடியாக நிகழ்ந்த இறப்புகள் 2019இல் மட்டும் உலக அளவில் சுமார் 12.7 லட்சம் என்று ஒரு விரிவான ஆய்வு மதிப்பிட்டது. அதே தொற்று மருந்துக்குக் கட்டுப்படும் வகையாக இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று கருதத்தக்கவர்கள் இவர்கள். எதிர்ப்புத் திறனுள்ள தொற்று ஏதோ ஒரு வகையில் சம்பந்தப்பட்ட இறப்புகளையும் சேர்த்தால் எண்ணிக்கை 49.5 லட்சம்.

சரி, பாக்டீரியா எப்படி மாறுகிறது?

மருந்தைச் சந்தித்த பிறகு அதைச் சமாளிக்கும் வித்தையை பாக்டீரியா கற்றுக்கொள்கிறது என்பதுதான் இயல்பாகத் தோன்றும் விளக்கம். விஞ்ஞானிகள் பலருமே ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். 1943இல் சால்வடார் லூரியா, மேக்ஸ் டெல்ப்ரூக் இருவரும் இதைச் சோதிக்க ஓர் அழகான வழி கண்டார்கள். அவர்கள் பயன்படுத்தியது ஆன்டிபயாட்டிக் அல்ல, பாக்டீரியாவைக் கொல்லும் ஒரு வைரஸ். ஆனால் கேள்வி அதேதான். தனித்தனிக் குழாய்களில் பாக்டீரியாவை வளர்த்து, ஒவ்வொன்றிலிருந்தும் எடுத்து வைரஸ் தடவிய தட்டில் பரப்பினார்கள். வைரஸைப் பார்த்த பிறகுதான் பாக்டீரியா மாறுகிறது என்றால், எல்லாக் குழாய்களிலிருந்தும் ஏறக்குறைய ஒரே அளவில் தப்பிப் பிழைத்தவை இருக்க வேண்டும். நடந்தது வேறு. பல குழாய்களில் ஒன்றுகூட இல்லை, சிலவற்றில் ஒன்றிரண்டு, எங்கோ ஒரு குழாயில் மட்டும் ஏராளம். வைரஸ் வருவதற்கு வெகு முன்பே, அந்தக் குழாயில் தற்செயலாக ஒரு பாக்டீரியா மாறி, பெருகி, பெரிய குடும்பமாகிவிட்டது என்றால்தான் இப்படி ஒரு ஏற்றத்தாழ்வு வரும்.

அதையும் சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். கணக்குப் போட்டுக் காட்டுவதைவிட கண்ணால் காட்டுவது நல்லது என்று 1952இல் ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் இணையர் வெல்வெட் துணியை எடுத்தார்கள். பாக்டீரியா வளர்ந்திருக்கும் தட்டின்மீது வெல்வெட்டை ஒற்றி, அதே அமைப்பை வேறு தட்டுகளில் பதித்தார்கள். புதுத் தட்டுகளில் மருந்து உண்டு. மூலத் தட்டில் கிடையாது. மருந்துத் தட்டில் எந்த இடத்தில் பாக்டீரியா பிழைத்ததோ, மூலத் தட்டில் அதே இடத்திலிருந்து எடுத்து மறுபடி மறுபடி இதையே செய்தார்கள். கடைசியில் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை எதிர்க்கும் பாக்டீரியா கைக்குக் கிடைத்தது. அதன் முன்னோர்களில் எதுவும் ஸ்ட்ரெப்டோமைசினைச் சந்தித்ததே இல்லை. மருந்து எதிர்ப்பை உண்டாக்கவில்லை, ஏற்கெனவே இருந்ததைத் தேர்ந்தெடுத்தது.

இது எப்படிச் சாத்தியம் என்பது எண்ணிக்கையைப் பார்த்தால் புரியும். ஈ.கோலை பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் சுமார் 46 லட்சம் எழுத்துகள். நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை அது இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு முறையும் அத்தனை எழுத்துகளையும் நகலெடுக்க வேண்டும். அபாரத் துல்லியத்தோடுதான் நகலெடுக்கிறது; ஏறத்தாழ ஆயிரம் பிரிதலுக்கு ஒரு பிழை. ஆனால் நன்றாக வளர்ந்த ஒரு மில்லிலிட்டர் திரவத்தில் 100 கோடி பாக்டீரியா இருக்கும். கடைசிச் சுற்றுப் பிரிதலில் மட்டுமே பல லட்சம் புதுப் பிழைகள் விழுந்திருக்கும். பெரும்பாலானவை எதற்கும் உதவாது. சில பாக்டீரியாவையே கொல்லும். ஆனால் ஏதோ ஒன்று, மருந்து போய்ப் பிடிக்கும் புரதத்தின் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றிவிடும். மருந்து இல்லாத வரை அந்த ஒன்று கூட்டத்தில் கிடக்கும். மருந்து வந்ததும் மற்றவை சாகும். உணவும் இடமும் அந்த ஒன்றுக்கே.

2016இல் ஹார்வர்டில் ராய் கிஷோனியின் குழு இதைப் படமாகவே எடுத்துக் காட்டியது. மேஜை அளவுக்குப் பெரிய ஒரு தட்டில் பட்டை பட்டையாக மருந்தை ஏற்றினார்கள். இரண்டு ஓரத்திலும் மருந்தே இல்லை. நடுவை நோக்கிப் போகப் போகப் பத்து மடங்கு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு. ஓரத்தில் விட்ட ஈ.கோலை ஒவ்வொரு எல்லையிலும் வந்து முட்டி நிற்கும். கொஞ்ச நேரத்தில் ஒரு புள்ளியிலிருந்து விசிறிபோல ஒரு கிளை அடுத்த பட்டைக்குள் பாயும். மாற்றம் அடைந்த ஒரே ஒரு பாக்டீரியாவின் சந்ததி அது. சுமார் 11 நாட்களில் அவை நடுப்பட்டையை எட்டிவிட்டன. நேரடியாக அதிக மருந்துள்ள பகுதிக்குத் தாவ முடியாத பாக்டீரியா, படிப்படியாகப் போனால் அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது என்பதுதான் இதில் என்னை மிகவும் கவலைப்பட வைக்கும் விஷயம். ஒவ்வொரு சிறு மாற்றமும் அடுத்ததற்குப் படியாகிறது.

தப்பிக்கும் வழிகள்

மாற்றம் என்று பொதுவாகச் சொல்கிறோம். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க பெனிசிலினைவிட நல்ல உதாரணம் இல்லை.

பாக்டீரியாவைச் சுற்றி ஒரு செல் சுவர் இருக்கிறது. வளரும்போது அந்தச் சுவரின் இழைகளைக் குறுக்கே இணைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலைக்கென்று சில நொதிகள் உண்டு. சுவரில் இணைக்க வேண்டிய துண்டின் வாலைப் போலவே பெனிசிலின் மூலக்கூறு இருப்பதால், நொதி ஏமாந்து அதைப் பிடித்துக்கொள்ளும், பிடித்தால் விடமுடியாது. சுவர் பலவீனமாகி பாக்டீரியா வெடித்துச் சாகும். இந்தப் பொறியின் உயிர்நாடி, நாலு அணுக்கள் சேர்ந்த ஒரு சிறு வளையம்; பீட்டா-லாக்டம் வளையம் என்று பெயர். சில பாக்டீரியாக்கள் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியைச் சுரந்து அந்த வளையத்தை உடைத்துவிடும். வளையம் போனால் பெனிசிலினில் ஒன்றும் இல்லை. இவ்வகை நொதிகளில் வேகமானவை ஒரு நொடிக்கு ஆயிரம் பெனிசிலின் மூலக்கூறுகளை உடைக்கும்.

இந்த நொதியைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் எட்வர்ட் ஆபிரகாம், எர்ன்ஸ்ட் செயின். அறிவித்தது 1940 டிசம்பரில். ஆக்ஸ்ஃபோர்டில் நோய்த்தொற்றுக்காக முதல் நோயாளிக்குப் பெனிசிலின் கொடுக்கப்பட்டது 1941 பிப்ரவரியில். மருந்து நோயாளியின் உடம்புக்குள் போவதற்கு முன்பே அதை உடைக்கும் ஆயுதம் பாக்டீரியாவிடம் இருந்தது பதிவாகிவிட்டது.

அதற்குப் பின் நடந்ததெல்லாம் விடாத துரத்தல். இந்த நொதி கிட்டே வர முடியாதபடி பெரிய பக்கச் சங்கிலி கொண்ட மெத்திசிலின் 1959-60 வாக்கில் வந்தது. 1961இலேயே அதை எதிர்க்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா பிரிட்டனில் கண்டறியப்பட்டது. எம்.ஆர்.எஸ்.ஏ. என்று இன்று உலகம் முழுக்க மருத்துவமனைகள் அஞ்சும் கிருமி இதுதான். இது மருந்தை உடைப்பதில்லை. பெனிசிலின் வகை மருந்துகள் பிடிக்க முடியாத, சுவர் கட்டும் புது நொதி ஒன்றை வேறெங்கிருந்தோ பெற்றுக்கொண்டது. பழைய நொதிகள் எல்லாம் முடங்கினாலும் இது ஒன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

மருந்தை உள்ளே வந்த வேகத்தில் வெளியே தள்ளும் பம்புகளும் உண்டு. டெட்ராசைக்ளினுக்கு எதிராக இது பரவலான முறை. ஈ.கோலையின் முக்கியமான பம்பு ஒன்று குடலில் உள்ள பித்த உப்புகளை வெளியேற்றவும் பயன்படுகிறது. மருந்துகளையும் அதே வழியில் தள்ளிவிடுகிறது. ஒரே பம்பு பல மருந்துகளை வெளியேற்றும் என்பதால், ஒரு மருந்தால் தேர்வான பாக்டீரியா, சம்பந்தமே இல்லாத இன்னொரு மருந்தையும் தாங்கும். சில பாக்டீரியாக்கள் மருந்து நுழையும் துளைகளையே குறைத்துக்கொள்கின்றன.

எனக்கு மிகவும் வியப்பூட்டுவது வான்கோமைசின் கதை. 1958இல் பயன்பாட்டுக்கு வந்த மருந்து. செல் சுவர்த் துண்டின் வால் நுனியில் இரண்டு அலனின் அமினோ அமிலங்கள் இருக்கும். வான்கோமைசின் அந்த நுனியையே போய்க் கவ்விக்கொள்ளும். நொதியை மாற்றினால் தப்பலாம், சுவரின் கட்டுமானப் பொருளையே மாற்றுவது எப்படி? அதனால் இதற்கு எதிர்ப்பு வருவது மிகக் கடினம் என்றே பலர் நம்பினார்கள். கிட்டத்தட்ட 30 ஆண்டு அந்த நம்பிக்கை நிலைத்தது. 1980களின் பிற்பகுதியில் எண்டெரோகாக்கஸ் என்ற குடல் பாக்டீரியாவில் எதிர்ப்பு தெரிய வந்தபோது, அது உண்மையிலேயே கட்டுமானப் பொருளை மாற்றியிருந்தது. கடைசி அலனினுக்குப் பதில் லாக்டேட். ஒரே ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு குறைந்தது. மருந்தின் பிடி ஆயிரம் மடங்கு தளர்ந்தது. இதற்கு மூன்று நொதிகள் கைகோத்து வேலை செய்ய வேண்டும்: ஒன்று லாக்டேட்டைத் தயாரிக்கும், ஒன்று அதை இணைக்கும், ஒன்று பழைய வகை வால்களைத் தேடி அழிக்கும். வான்கோமைசின் வந்திருக்கிறதா என்று உணர்ந்து, வந்தால் மட்டும் இவற்றை முடுக்கிவிட இன்னும் இரண்டு மரபணுக்கள்.

இவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு மருத்துவமனையில் 30 ஆண்டில் நகல்பிழைகளால் உருவாகியிருக்க முடியாது. அப்படியானால் எங்கிருந்து வந்தது?

மண்ணில் இருந்த ஆயுதக் கிடங்கு

நாம் பயன்படுத்தும் ஆன்டிபயாட்டிக்குகளில் பெரும்பகுதி மண்ணில் வாழும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் செய்பவை. வான்கோமைசினும் ஒரு மண் பாக்டீரியாவின் தயாரிப்பு. தான் செய்யும் விஷம் தன்னையே கொல்லாமலிருக்க, அதைச் செய்யும் பாக்டீரியாவிடம் மாற்று இருந்தாக வேண்டும். எண்டெரோகாக்கஸில் கண்ட அந்த மரபணுத் தொகுதிக்கு மிக நெருக்கமான தொகுதிகள் இவ்வகை மருந்துகளைச் சுரக்கும் மண் பாக்டீரியாக்களிடம் இருக்கின்றன.

2011இல் கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தார்கள். பீட்டா-லாக்டம், டெட்ராசைக்ளின், வான்கோமைசின் மூன்றுக்கும் எதிரான மரபணுக்கள் அதில் இருந்தன. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் லெச்சுகியா என்ற குகையின் ஆழத்தில், 40 லட்சம் ஆண்டுகளாக வெளியுலகத் தொடர்பே இல்லாத பகுதியில் வாழ்ந்த பாக்டீரியாக்களில் ஒன்று 14 மருந்துகளைத் தாங்கியது. எம்.ஆர்.எஸ்.ஏ.வின் ஒரு வகை ஐரோப்பாவின் முள்ளெலிகளின் தோலில் 1800களிலேயே இருந்திருக்கிறது என்று 2022இல் தெரிய வந்தது. அந்த முள்ளெலிகளின்மேல் வளரும் ஒரு பூஞ்சை பெனிசிலின் போன்ற பொருளைச் சுரக்கிறது.

எதிர்ப்பு மரபணுக்கள் மனிதனால் வந்தவை அல்ல என்று இதைக் காட்டி யாரும் நிம்மதி அடைய முடியாது. அவை மண்ணிலும் குகையிலும் ஓரமாக இருந்தன. அங்கிருந்து நம்மைத் தாக்கும் கிருமிகளுக்கு அவற்றை இழுத்து வந்ததும், டன் கணக்கில் மருந்தைக் கொட்டி அவை நிலைக்கும்படி செய்ததும் நாம்தான்.

கைமாறும் மரபணுக்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் சீதபேதி பெரும் பிரச்சினை. அதற்குக் காரணமான ஷிகெல்லா பாக்டீரியா 1950களில் விசித்திரமாக நடந்துகொண்டது. சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின், குளோரம்பெனிகால், டெட்ராசைக்ளின் என்று நான்கு மருந்துகளுக்கும் ஒரே சமயத்தில் எதிர்ப்பு. நான்கு தனித்தனி மாற்றங்கள் ஒரே பாக்டீரியாவில் ஒன்றாக விழுவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய இல்லை. அப்புறம் நோயாளிகளின் குடலில் உள்ள ஈ.கோலையைச் சோதித்தார்கள். நோயே உண்டாக்காத அந்த ஈ.கோலையும் அதே நான்கு மருந்துகளை எதிர்த்தது. 1959இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இரண்டையும் கலந்து வைத்துப் பார்த்தார்கள். எதிர்ப்பு ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனத்துக்கு, மொத்தமாக, நான்கும் சேர்ந்தே தாவியது.

தாவியது பிளாஸ்மிட். குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் ஒரு சிறு டி.என்.ஏ. வளையம். ஒரு பாக்டீரியா இன்னொன்றைத் தொட்டு இணைந்து, இதன் நகலைக் கொடுக்கும். தன்னிடம் உள்ளதை இழக்காது. பிளாஸ்மிட்டுக்குள்ளேயே இடம் விட்டு இடம் குதிக்கும் மரபணுத் துண்டுகள் உண்டு. அவை போகும் வழியில் எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்துக்கொண்டே போகும். அதனால்தான் ஒரே பிளாஸ்மிட்டில் ஐந்து, ஆறு, பத்து மருந்துகளுக்கான எதிர்ப்பு வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. செத்த பாக்டீரியா சிந்திய டி.என்.ஏ.வை உறிஞ்சிக்கொள்வதும், வைரஸ் வழியாகக் கடத்தப்படுவதும் மற்ற இரண்டு வழிகள். நிமோனியா உண்டாக்கும் நிமோகாக்கஸ் முதல் வழியில்தான், தொண்டையில் உடன் வாழும் சொந்தக்கார பாக்டீரியாக்களிடமிருந்து துண்டு துண்டாகப் பெற்றுப் பெனிசிலினை எதிர்க்கும் நொதிகளை ஒட்டுப்போட்டுக்கொண்டது.

2002இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு நோயாளியிடம் வான்கோமைசினை முழுதாக எதிர்க்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் முதல்முறையாகக் கண்டறியப்பட்டது. அதே நோயாளியின் காலில் இருந்த புண்ணில் வான்கோமைசினை எதிர்க்கும் எண்டெரோகாக்கஸும் இருந்தது. முன்னே சொன்ன அந்த ஐந்து மரபணுத் தொகுதி ஒரே புண்ணுக்குள் கைமாறிவிட்டது. நல்ல வேளையாக அந்த வகை பரவவில்லை.

கொலிஸ்டின் விஷயத்தில் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. சிறுநீரகத்தைப் பாதிப்பதால் ஒதுக்கி வைத்திருந்த பழைய மருந்து. மற்றவை எல்லாம் தோற்ற பிறகு கடைசிக் கையிருப்பாகத் திரும்ப எடுக்கப்பட்டது. அதற்கு எதிரான எதிர்ப்பு குரோமோசோம் மாற்றத்தால் மட்டுமே வரும், எளிதில் பரவாது என்று கருதப்பட்டது. 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் எம்.சி.ஆர்.-1 என்ற மரபணுவைப் பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிலும் கண்டதாக அறிவித்தார்கள். அது பிளாஸ்மிட்டில் இருந்தது. சில மாதங்களுக்குள் பல நாடுகளின் பழைய மாதிரிகளைத் தோண்டிப் பார்த்தபோது அங்கேயும் அது இருந்தது. பன்றிகள் சீக்கிரம் எடை கூடுவதற்காகக் கொலிஸ்டினைத் தீவனத்தில் கலந்து வந்தார்கள். சீனா அதற்குத் தடை விதித்த பிறகு, மனிதர்களிடமும் கால்நடைகளிடமும் அந்த மரபணு குறைந்தது.

நோயாளியின் குடலில்

இப்போது இந்தக் கட்டுரையின் மையமான விஷயத்துக்கு வருகிறேன். நுரையீரல் தொற்றுக்கு ஒருவர் மாத்திரை எடுக்கிறார். மருந்து நுரையீரலுக்கு மட்டுமா போகிறது? குடல், தோல், தொண்டை எல்லா இடத்துக்கும் போகிறது. குடலில் லட்சக்கணக்கான கோடி பாக்டீரியா. நோயோடு அவற்றுக்குச் சம்பந்தமில்லை. ஆனால் மருந்தின் முழு அடியும் அவற்றின்மேலும் விழுகிறது. மருந்துக்கு ஈடுகொடுக்காதவை குறைய, எதிர்ப்பு மரபணு உள்ளவை பெருகும். பல மாதம் கழித்து அவருக்குச் சிறுநீர்ப்பாதைத் தொற்று வந்தால், அதை உண்டாக்கும் ஈ.கோலை பெரும்பாலும் அவருடைய குடலிலிருந்தே வரும். முன்பு சிகிச்சை பெற்ற நோய்க்கும் இதற்கும் தொடர்பே இல்லை. எதிர்ப்பு மட்டும் அங்கே தயாராகக் காத்திருக்கிறது.

இன்று மருத்துவர்களுக்குத் தலைவலியாக இருக்கும் பல எதிர்ப்புக் கிருமிகள் இந்த வகைதான்: ஈ.கோலை, கிளெப்சியெல்லா, ஸ்டாஃபிலோகாக்கஸ், எண்டெரோகாக்கஸ். பெரும்பாலான நாட்கள் நம்மோடு சும்மா இருந்துவிட்டு, வாய்ப்புக் கிடைக்கும்போது தொற்றாக மாறுபவை. நோய்க்கு இலக்கே ஆகாத பாக்டீரியாக்களில்தான் எதிர்ப்பின் பெரும்பகுதி வளர்கிறது என்பதைப் பொதுமக்களுக்கான விளக்கங்களில் போதுமான அளவு யாரும் சொல்வதில்லை. அவசியமில்லாமல் போடும் ஒரு மாத்திரை ஏன் தீங்கு என்பதற்கு முழுப் பதிலும் இதில் இருக்கிறது. சளிக்கும் ஃப்ளூவுக்கும் காரணம் வைரஸ். அங்கே ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. குடலில் மட்டும் தன் வேலையை முழுமையாகச் செய்துவிடும்.

"நோய் குணமானாலும் மாத்திரையை முழுதாக முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் எதிர்ப்பு வந்துவிடும்" என்ற அறிவுரையையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். 1945இல் நோபல் பரிசு உரையில், பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் ஒரு கற்பனை நோயாளியைச் சொன்னார். தொண்டை வலிக்குத் தானே பெனிசிலின் வாங்கி, போதாத அளவில் எடுத்து, தொண்டையில் இருந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸை எதிர்ப்புக்குப் பழக்கிவிடுகிறார். அது மனைவிக்குத் தொற்றுகிறது. பெனிசிலின் கேட்காமல் மனைவி இறந்துபோகிறார். எச்சரிக்கை சரி. ஆனால் தொண்டை வலி உண்டாக்கும் அந்த ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ், எண்பது ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகும் பெனிசிலினுக்குக் கட்டுப்படுகிறது. எல்லாக் கிருமியும் எல்லா மருந்தையும் ஒரே மாதிரி வென்றுவிடுவதில்லை.

காசநோயில் ஃபிளெமிங்கின் கவலை அப்படியே பொருந்தும். காசநோய்க் கிருமி பிளாஸ்மிட் வாங்குவதில்லை. அதன் எதிர்ப்பு முழுக்க சொந்த டி.என்.ஏ.வில் விழும் மாற்றங்களால், நோயாளியின் உடம்புக்குள்ளேயே உருவாகிறது. 1948இல் வெளியான பிரிட்டிஷ் ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையில் ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள். பெறாத 52 பேரில் 14 பேர். பெரிய வெற்றி. ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது இறந்தவர்கள் முறையே 32, 35. மருந்து பெற்றவர்களில் பெரும்பாலோரிடம் எதிர்ப்பு வந்துவிட்டது. ஒரு மருந்தை மட்டும் கொடுத்ததன் விளைவு இது. காசநோய் மருந்துகளில் ரிஃபாம்பிசினை எதிர்ப்பது ஏறத்தாழ 10 கோடியில் ஒரு கிருமி, ஐசோநியாசிடை எதிர்ப்பது 10 லட்சத்தில் ஒன்று என்றால், இரண்டையும் சேர்த்து எதிர்ப்பதற்கான வாய்ப்பு இரண்டின் பெருக்கல். அத்தனை கிருமிகள் எந்த நுரையீரலிலும் இல்லை. அதனால்தான் காசநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள், மாதக்கணக்கில், விடாமல். அங்கே பாதியில் நிறுத்துவது உண்மையிலேயே ஆபத்து.

சாதாரண நிமோனியா, சிறுநீர்ப்பாதைத் தொற்று போன்றவற்றில் நிலைமை வேறு. குறுகிய காலச் சிகிச்சை நீண்ட காலச் சிகிச்சைக்கு ஈடானது என்று பல சோதனைகள் காட்டிவிட்டன. நாட்கள் கூடக் கூடக் குடல் பாக்டீரியாக்களின்மீதான அழுத்தமும் கூடுகிறது. எனவே மருத்துவர்கள் எழுதித் தரும் நாட்களே பல நோய்களுக்கு இப்போது குறைந்து வருகின்றன. நாமாகவே நிறுத்திவிடலாம் என்று இதற்குப் பொருள் இல்லை; எத்தனை நாள் என்பது நோய்க்கு நோய் மாறும், அதை மருத்துவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மருந்தே எடுக்காதவர் கதை என்ன? நெதர்லாந்திலிருந்து வெளிநாடு போய்த் திரும்பிய பயணிகளைச் சோதித்தபோது, போகும்போது இல்லாத ஒரு வகை எதிர்ப்பு பாக்டீரியா திரும்பும்போது மூன்றில் ஒருவரின் குடலில் இருந்தது. பெரும்பாலோரிடம் ஒன்றிரண்டு மாதத்தில் மறைந்தது. சுமார் பத்தில் ஒருவரிடம் ஓராண்டு கழித்தும் இருந்தது. உணவு, தண்ணீர், கை வழியாக வந்த விருந்தாளி.

நிறுத்தினால் போய்விடுமா?

எதிர்ப்பு பல சமயம் பாக்டீரியாவுக்குச் சுமை. கூடுதல் நொதி, கூடுதல் பம்பு, கூடுதல் டி.என்.ஏ. எல்லாவற்றுக்கும் ஆற்றல் செலவு. மருந்தை நிறுத்தினால் சுமையில்லாத பாக்டீரியா மறுபடி ஜெயிக்க வேண்டும் அல்லவா?

பின்லாந்தில் அப்படித்தான் நடந்தது. 1990களின் தொடக்கத்தில் அங்கே எரித்ரோமைசின் வகை மருந்துகளின் பயன்பாட்டைக் கணிசமாகக் குறைத்தார்கள். ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸில் எதிர்ப்பு 1992இல் 16.5 சதவீதமாக இருந்தது, 1996இல் 8.6 ஆனது. பிரிட்டனில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே 1990களில் சல்ஃபா மருந்துப் பரிந்துரை 98 சதவீதம் குறைந்தது. ஆனால் ஈ.கோலையில் எதிர்ப்பு 1991இல் ஏறத்தாழ 40 சதவீதமாக இருந்தது, 1999இல் 46 ஆக ஏறியிருந்தது.

பிளாஸ்மிட்டை நினைவில் வைத்தால் இந்த முரண் புரியும். சல்ஃபா எதிர்ப்பு மரபணு தனியாகப் பயணிப்பதில்லை. வேறு மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்களோடு ஒட்டிக்கொண்டே போகிறது. அந்த வேறு மருந்துகளில் ஒன்றைப் பயன்படுத்தினாலே போதும், சல்ஃபா எதிர்ப்பும் கூடவே பாதுகாக்கப்படும். இது போக, சுமையைக் குறைக்கும் இன்னொரு மாற்றம் பாக்டீரியாவில் விழுந்துவிட்டால், எதிர்ப்பை விட்டுவிட வேண்டிய தேவையே அதற்கு இல்லாமல் போகிறது. வந்த வழியே எதிர்ப்பு திரும்பிப் போகும் என்று எண்ணித் திட்டமிடுவது தவறு.

மிகக் குறைந்த மருந்தும் போதும் என்பது இன்னொரு சிக்கல். பாக்டீரியாவின் வளர்ச்சியை நிறுத்தத் தேவையான அளவில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தாலும், எதிர்ப்புள்ளவை மெல்ல முந்திவிடுகின்றன என்று சுவீடன் ஆய்வாளர்கள் 2011இல் காட்டினார்கள். கழிவுநீரிலும் ஆற்றிலும் மண்ணிலும் மிதக்கும் மருந்தின் தடயங்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் உருப்படியான வழி, மருந்து தேவைப்படும் சந்தர்ப்பங்களையே குறைப்பதுதான். தடுப்பூசி இதில் பெரிய ஆயுதம், ஏனோ இந்தப் பேச்சில் அதற்குரிய இடம் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு குழந்தைகளுக்கு நிமோகாக்கஸ் தடுப்பூசி வந்த பிறகு, பெனிசிலினுக்கு அடங்காத நிமோகாக்கஸால் வரும் கடும் தொற்றுகள் குழந்தைகளிடம் மட்டுமல்ல, ஊசி போடாத முதியவர்களிடமும் குறைந்தன. சுத்தமான தண்ணீர், கழிப்பறை, மருத்துவமனையில் கை கழுவும் ஒழுங்கு எல்லாம் இதே வேலையைச் செய்கின்றன. நோய் வைரஸா பாக்டீரியாவா என்று சிறிது நேரத்தில் சொல்லிவிடும் சோதனைகள் பரவினால் அவசியமற்ற மாத்திரைகளில் பெரும்பகுதி நின்றுவிடும்.

புது மருந்துகள் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கே தடை அறிவியல் மட்டும் அல்ல. நல்ல புது ஆன்டிபயாட்டிக் கிடைத்தால் அதை முடிந்த வரை பயன்படுத்தாமல் ஒதுக்கி வைப்பதே சரியான நடைமுறை. அப்படி ஒதுக்கினால் செய்த நிறுவனத்துக்கு வருமானம் இல்லை. பிளாசோமைசின் என்ற மருந்தை உருவாக்கிய அகாவோஜென் நிறுவனம் 2018இல் அமெரிக்க அனுமதி பெற்றது. 2019 ஏப்ரலில் திவாலானது. 2022இல் இங்கிலாந்தின் பொது சுகாதார சேவை வேறு வழியை எடுத்தது. இரண்டு புது ஆன்டிபயாட்டிக்குகளுக்கு, எத்தனை பேருக்குக் கொடுக்கப்பட்டது என்று பார்க்காமல், ஆண்டுக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம் தரத் தொடங்கியது. மருந்து விற்றாலும் விற்காவிட்டாலும் நிறுவனத்துக்குப் பணம் வரும். மருத்துவருக்கும் அதை அலமாரியிலேயே வைத்திருக்கத் தயக்கம் இருக்காது.